வீட்டுக்குள் இருக்கும் ஈயத்தைக் கண்டுபிடித்து அகற்றுவது எப்படி? குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

உணவிலும் பாத்திரத்திலும் கதவுப் பூச்சிலும் ஒளிந்து வீட்டுக்குள் நுழையும் நச்சுகளில், பெற்றோர் கண்ணில் படாமலேயே குழந்தையின் மூளையைத் தொட்டுவிடக்கூடியது ஈயம். மணத்தை வைத்தோ நிறத்தை வைத்தோ அதை இனங்காண முடியாது. உடலில் ஏறிய பிறகும், அளவு மிக அதிகமாகும் வரை அது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. பசியின்மை, மலச்சிக்கல், வயிற்றுவலி, சோகை, எரிச்சல் ஆகியவை தோன்றினாலும் அவற்றுக்கு ஆயிரம் காரணங்கள் சொல்லிக் கடந்துவிட முடியும் என்பதால், ஈயம் கடைசியாகவே நினைவுக்கு வருகிறது.

யுனிசெஃப் நிறுவனமும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, அதாவது 80 கோடிப் பேருக்கு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் 27.5 கோடிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், சராசரி அளவே 11.4 மைக்ரோகிராமாக இருந்தது. ஈய அளவு கூடக்கூடக் கவனச்சிதறலும் பதற்றமும் நடத்தைச் சிக்கல்களும் கூடுவதையும் அந்த ஆய்வு காட்டியது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000-ஆம் ஆண்டே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைய குழந்தைகளின் ரத்தத்தில் காணப்படும் ஈயத்துக்குத் தெருவிலுள்ள புகையை மட்டும் காரணம் காட்ட இயலாது. வீட்டுக்குள்ளும் தேட வேண்டும்.

இந்த வழிகாட்டி நெடுகிலும் ‘ஈயம்’ என்று வருவது காரீயத்தையே குறிக்கும். ஈயச் சொம்புக்கும் பாத்திரங்களின் உட்பூச்சுக்கும் பயன்பட வேண்டிய வெள்ளீயம் வேறோர் உலோகம். அது வரும் இடங்களில் ‘வெள்ளீயம்’ என்றே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: வீட்டில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணக்கிடுங்கள்

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆயினும் எல்லோருக்கும் கேடு ஒரே அளவில் ஏற்படுவதில்லை. உணவோடு உள்ளே போகும் ஈயத்தை, வயதுவந்தவர்களைவிடச் சிறு குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. தவழும் வயதில் கை எந்நேரமும் வாயில் இருப்பதாலும், மூளை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருப்பதாலும், ஆறு வயதுக்குட்பட்டவர்களே முதல் கவனத்துக்குரியவர்கள்.

அடுத்து வருபவர்கள் கர்ப்பிணிகள். உடல் ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. கர்ப்ப காலத்தில் சிசுவுக்காக எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, பல ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த ஈயமும் உடன் கரைந்து தொப்புள்கொடி வழியே சிசுவை அடைகிறது. இரும்புச்சத்து குறைந்த குழந்தைகளும் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள். குடலில் இரும்பை ஏற்றிச் செல்லும் வழியிலேயே ஈயமும் ஏறுவதால், இரும்பு இல்லாத இடத்தில் ஈயத்துக்கு இடம் தாராளமாகக் கிடைக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சோகை உள்ள நாட்டில், இதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

வீட்டில் உள்ளவர்களின் தொழிலையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி பழுதுபார்ப்பு, பழைய இரும்பு வியாபாரம், பெயின்ட் வேலை, பற்றாசு வைக்கும் மின்னணு வேலை, பித்தளை வார்ப்பு ஆகியவற்றில் ஈடுபடுவோரின் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிவரும் தூசு, அப்பாவை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தைக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. கடற்கரை ஊர்களில் வலைக்கும் தூண்டிலுக்கும் கட்டும் ஈயக் குண்டுகளை வீட்டு முற்றத்திலேயே உருக்கி வார்க்கும் வழக்கம் இருந்தால், அதுவும் இந்தப் பட்டியலில் சேர வேண்டும். செனகல் நாட்டின் டாக்கர் நகரை ஒட்டிய ஒரு பகுதியில், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரித்தெடுத்த மண்ணால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். வீட்டுப் பக்கத்தில் பேட்டரியை உடைப்பதும் உருக்குவதும் உயிரைப் பறிக்கும் வேலை என்பதில் ஐயமே வேண்டாம்.

இரண்டாம் படி: அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

சமையலறையில் முதலில் கவனிக்க வேண்டியது மஞ்சள். ஈயக் குரோமேட் என்னும் பளீரென்ற மஞ்சள் நிறமி, பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நிறமூட்டத் தயாரிக்கப்படுவது. மங்கிப்போன மஞ்சள் கிழங்குக்கு மெருகேற்றும்போது இதைத் தூவிவிட்டால், கிழங்கு புதுப்பொலிவு பெற்று நல்ல விலைக்குப் போகிறது. வங்கதேசத்தில் 1980-களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்பதற்காகத் தொடங்கிய இந்தப் பழக்கம், பிறகு அங்கே நிரந்தர வழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களிலிருந்து 2020 டிசம்பருக்கும் 2021 மார்ச்சுக்கும் இடையில் திரட்டிய 356 மாதிரிகளை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 14 விழுக்காடு மாதிரிகளில் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய நகரங்களில் அது 1000 மைக்ரோகிராமையும் தாண்டியது. இந்த எண்ணின் பொருளை விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குழந்தை உணவு வழியே ஒரு நாளில் பெறும் ஈயம் 2.2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் மேற்கோள் அளவு. அத்தகைய மஞ்சளில் ஒரு கிராம், சாம்பார் பொரியல் என்று நாள் முழுவதும் குழந்தைக்குப் போனாலே, அது அந்த அளவைப் போல் 450 மடங்குக்கும் மேல். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் மஞ்சளுக்கு அனுமதிக்கும் உச்ச வரம்பான கிலோவுக்கு 10 மில்லிகிராமை எடுத்துக்கொண்டாலும், ஒரு கிராமில் 10 மைக்ரோகிராம் வந்துவிடுகிறது. சட்டத்துக்கு உட்பட்டது என்பதால் குழந்தைக்கு ஏற்றது என்று ஆகிவிடாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைக்கிறது. ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரை நிரப்பி, முழு மஞ்சள் கிழங்கு ஒன்றைப் போடுங்கள். நல்ல கிழங்கு நிறத்தை விடாது. ஈயக் குரோமேட் பூசிய கிழங்கிலிருந்து போட்டவுடனே மஞ்சள் நிறம் பிரியும். தூளாக இருந்தால் ஒரு தேக்கரண்டியை நீரில் தூவிக் கலக்காமல் விடுங்கள். தூள் அடியில் படியும்போது நீர் இளமஞ்சளாக மாறினால் இயல்பு, அடர்மஞ்சளாக மாறினால் நிறம் கலந்திருக்கக்கூடும். இந்தச் சோதனையில் தோற்ற மஞ்சளைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். ஆனால் தேறிய மஞ்சள் சுத்தமானது என்று உறுதி சொல்ல இந்தச் சோதனையால் இயலாது. உறுதி வேண்டுமானால் ஆய்வகம்தான் ஒரே வழி.

வாங்கும்போது, மெருகேற்றாத, சொரசொரப்பான முழுக் கிழங்கை வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்வதே என் பரிந்துரை. ஈரோட்டுப் பக்கத்து வீடுகளில் இது இன்றும் இயல்பான வழக்கம். நகரத்தில் இருப்பவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளக்கூடிய வேலைதான். கண்ணைப் பறிக்கும் நிறத்தைத் தரம் என்று எண்ணி வாங்குவதைக் கைவிட வேண்டும். மிளகாய்த்தூள், பட்டைத்தூள் போன்றவற்றுக்கும் இதே எச்சரிக்கை தேவை. 2023-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ்ப் பொட்டலங்களால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஈய நச்சுக்கு உள்ளானதற்கு, அவற்றில் சேர்த்த இலவங்கப்பட்டைத் தூளே காரணமாக இருந்தது.

மூன்றாம் படி: பாத்திரங்களைத் தரம் பிரியுங்கள்

எவர்சில்வர் பாத்திரங்களைப் பற்றி இந்த விஷயத்தில் கவலைப்பட வேண்டியதில்லை. கவனம் தேவைப்படுபவை மூன்று: இண்டாலியம் மற்றும் மலிவு விலை அலுமினியப் பாத்திரங்கள், உள்ளே வெள்ளீயம் பூசிய பித்தளைப் பாத்திரங்கள், ஈயச் சொம்பு.

பழைய இயந்திர உதிரிபாகங்களையும் கழிவு உலோகத்தையும் உருக்கி வார்க்கும் அலுமினியத்தில் ஈயம் கலந்துவிட வாய்ப்புண்டு. அலுமினியம், பித்தளை, இண்டாலியம் ஆகியவற்றால் செய்து இறக்குமதியாகும் சில பாத்திரங்களிலிருந்து ஈயம் உணவில் கசியக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. புளி, தக்காளி, மோர், எலுமிச்சை போன்ற புளிப்பும், நீண்ட நேரச் சூடும் சேரும்போது கசிவு அதிகமாகும். எனவே புளிக்குழம்பையும் வத்தக்குழம்பையும் இத்தகைய சட்டியில் கொதிக்க விடுவதையும், இரவு முழுவதும் அதிலேயே வைத்துக் காலையில் சூடுபண்ணுவதையும் முதலில் நிறுத்துங்கள். முத்திரை இல்லாமல் எடைக்கு வாங்கிய வார்ப்புச் சட்டிகளைச் சமையலிலிருந்தே விலக்கிவிடுவது நல்லது.

பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசப்படுவது தூய வெள்ளீயமாக இருக்க வேண்டும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்துத் துடைப்பதே முறையான வேலை. விலை குறைவு என்பதால் சிலர் பற்றாசுக் கம்பியையே உருக்கிப் பூசிவிடும் ஆபத்து இருக்கிறது. சாதாரணப் பற்றாசில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஈயம் இருக்கும். பூசக் கொடுக்கும்போது பக்கத்திலேயே நின்று, எந்தக் கட்டியிலிருந்து எடுக்கிறார் என்று பாருங்கள், கேட்பதில் தவறில்லை. தூய வெள்ளீயம் என்ற உறுதி கிடைக்காவிட்டால், அந்தப் பாத்திரம் அலமாரியில் அழகுக்கு இருக்கட்டும்.

ஈயச் சொம்பு ரசத்தின் மேல் நம் வீடுகளில் உள்ள பிரியத்தை நான் அறிவேன். தூய வெள்ளீயத்தில் வார்த்த சொம்பில் ரசம் வைப்பதில் இந்த நச்சு குறித்த அச்சத்துக்கு இடமில்லை. சிக்கல், சொம்பு உண்மையிலேயே தூய வெள்ளீயத்தால் ஆனதா என்பதில்தான் இருக்கிறது. வெள்ளீயத்தின் விலை ஈயத்தின் விலையைப் போல் பல மடங்கு. இரண்டும் வெண்சாம்பல் நிறம், இரண்டும் மெத்தென்றவை, இரண்டும் குறைந்த சூட்டில் உருகுபவை. கலப்படம் செய்யத் தூண்டும் அத்தனை சூழலும் இங்கே ஒன்றுகூடி இருக்கிறது. புளித்தண்ணீர் கொதிக்கும் பாத்திரம் என்பதால், கலந்த ஈயம் கரைந்து வரவும் தடையேதும் இல்லை.

சமையலறைத் தராசு இருந்தால், அடர்த்தியை வைத்து ஒரு முதற்கட்டச் சோதனை செய்துவிடலாம். வெள்ளீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம், ஈயத்தின் அடர்த்தி 11.3 கிராம். முதலில் காய்ந்த சொம்பை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சொம்பு முழுதாக மூழ்கும் அளவுள்ள ஒரு பாத்திரத்தில் நீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். சொம்பின் கழுத்தில் நூலைக் கட்டி, உள்ளே காற்றுக் குமிழி தங்காதபடி சாய்த்து நீரில் முழுமையாக அமிழ்த்தி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிட்டுப் பிடியுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் எண்ணே சொம்பு உலோகத்தின் கன அளவு. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 400 கிராம் சொம்பு தூய வெள்ளீயமாக இருந்தால் நீரில் ஏறக்குறைய 55 கிராம் காட்ட வேண்டும். 51 காட்டினால் ஐந்தில் ஒரு பங்கும், 45 காட்டினால் சரிபாதியும் ஈயம் கலந்திருக்கக்கூடும். அடர்த்தி 7.5-க்கு மேல் வந்தால் அந்தச் சொம்பில் இனி ரசம் வைக்காதீர்கள். 7.3 என்று வந்தாலும் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கலப்பை வீட்டுத் தராசு பிடிக்காது; அந்தச் சிறு பங்கே புளிப்பில் கரைந்தால் குழந்தைக்கு அதிகம். ஆகவே ஆய்வகத்தில் உலோகப் பகுப்பாய்வு செய்து சான்று பெறுங்கள். நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியும், எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டுவதுதான். ஈயத்தையும் காட்டும்படி அமைத்த கருவி மதிப்பீட்டு மையத்தில் இருக்கிறதா என்று விசாரித்துப் பார்க்கலாம். சான்று கிடைக்கும் வரை, குழந்தை சாப்பிடும் ரசம் எவர்சில்வர் பாத்திரத்திலேயே கொதிக்கட்டும்.

நான்காம் படி: பூஜை அலமாரி, கண்மை, தாயத்து

மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொண்டு முறையாகச் செய்த குங்குமத்தில் ஈயத்துக்கு இடமில்லை. ஆனால் ஆரஞ்சு நிறத்தில் விற்கும் செந்தூரம் பல நேரங்களில் ஈய ஆக்சைடுதான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் மும்பை, டெல்லி நகரங்களிலும் வாங்கிய 118 செந்தூர மாதிரிகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 80 விழுக்காட்டில் ஈயம் காணப்பட்டது. தோல் வழியே ஏறுவதைவிட, விரலில் ஒட்டி வாய்க்குப் போவதே பெரிய வழி. கோயிலில் வாங்கிய செந்தூரத்தைக் கைக்குழந்தையின் நெற்றியில் இடுவதைத் தவிர்த்து, விபூதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கண்மையிலும் இதே எச்சரிக்கை தேவை. சுர்மா என்ற பெயரில் விற்கும் கண்மை வகைகள் பலவற்றில் மூலப்பொருளே ஈயச் சல்ஃபைடு. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு எந்த மையையும் தீட்டாதீர்கள். விளக்கெண்ணெய்த் தீபக் கரியில் ஈயம் இல்லாவிட்டாலும் கண்ணில் தொற்று ஏற்பட அது போதும்.

தாயத்தைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. 2009-இல் நியூயார்க்கில் கம்போடியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் 20 மைக்ரோகிராம் ஈயம் இருப்பது தெரிந்து, வீடு முழுவதும் தேடியதில், கழுத்தில் கட்டியிருந்த தாயத்தின் மணிகளில் 45 விழுக்காடு ஈயம் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. நம் குழந்தைகளின் கழுத்திலும் அரைஞாண் கயிற்றிலும் கட்டும் தகடும் குழலும் ஈயமாக இருக்கக்கூடும். காகிதத்தில் தேய்த்தால் பென்சில் கோடு போல் சாம்பல் கோடு விழும் மெத்தென்ற உலோகம் என்றால், உடனே கழற்றிவிடுங்கள். நம்பிக்கையை விட மனமில்லாதவர்கள் தூய வெள்ளிக் குழலில் மாற்றிக் கட்டலாம், அல்லது தாயத்தைத் தொட்டிலுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடலாம்.

உலோகம் சேர்த்துச் செய்யும் பற்பங்களையும் செந்தூர மருந்துகளையும், எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்ற சான்று இல்லாமல் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கக் கூடாது. பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாவது இருந்தது.

ஐந்தாம் படி: கதவு, ஜன்னல், நடைவண்டி

வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத், தாண்டக் கூடாது என்ற விதியை மத்திய அரசு 2016-இல் வெளியிட்டது; அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பூச்சு, அதிலும் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, பச்சை நிறங்கள், ஈயம் கொண்டவை என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பற்றிக் கவலை இல்லை. ஜன்னல் கம்பிகள், கதவு நிலை, இரும்பு கேட், ஊஞ்சல் சங்கிலி, இரும்புக் கட்டில், தொட்டில் ஆகியவற்றையே பார்க்க வேண்டும். குழந்தை நடைபழகும் மர நடைவண்டியை வெளிச்சத்தில் வைத்துத் திருப்பிப் பாருங்கள்: கைப்பிடிக் கட்டையின் மேல்விளிம்பில் நிறம் உதிர்ந்து பல்தடம் தெரிந்தால், அந்த நிறம் குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று பொருள். பாட்டன் காலத்து வண்டி என்று பத்திரப்படுத்தியிருந்தால், பூச்சில்லாத மர வண்டியாக மாற்றிக் கொடுங்கள். இந்தியாவில் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் முத்திரையின்றி வாங்கும் நிறப்பொம்மைகளை வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

இந்தப் படியில் மிகப் பெரிய ஆபத்து, பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைப் புதுப்பிக்கும்போது வருகிறது. பழைய பூச்சை உப்புத்தாளால் உலர்நிலையில் தேய்க்கும்போது எழும் தூசு, பல மாதங்கள் கசியக்கூடிய ஈயத்தை இரண்டே நாளில் வீடெங்கும் பரப்பிவிடும். உரியாத, உறுதியான பூச்சின் மேல் ஈயமற்ற புதுப் பூச்சை அப்படியே அடித்துவிடுவதே சிறந்த வழி. தேய்த்தே ஆக வேண்டுமானால் நீர் தெளித்து ஈரத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள். தீயால் வாட்டிச் சுரண்ட அனுமதிக்காதீர்கள். வேலை முடிந்து ஈரத் துணியால் இருமுறை துடைக்கும் வரை குழந்தைகளும் கர்ப்பிணியும் வேறு வீட்டில் தங்கியிருக்கட்டும்.

ஆறாம் படி: தண்ணீர்

குடிநீரில் ஈயத்துக்கான இந்திய வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். பழைய பிவிசி குழாய்களில் சேர்த்த ஈய நிலைப்படுத்திகளும் பித்தளைக் குழாய்களும் நீரில் ஈயத்தைக் கலக்கக்கூடியவை. இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் செடிக்கோ கழுவுவதற்கோ பிடித்துவிட்டு, அதன்பின் வரும் நீரைச் சமையலுக்குப் பயன்படுத்துங்கள். கொதிக்க வைப்பதால் ஈயம் போகாது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆர்ஓ கருவி ஈயத்தைப் பெருமளவு நீக்கிவிடும்.

ஏழாம் படி: ரத்தப் பரிசோதனை

மேற்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று உங்கள் வீட்டில் இருந்து, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையும் இருந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆகவே சந்தேகப் பொருளை இன்றே அகற்றிவிட்டு ஒரு வாரம் கழித்துச் சோதித்தாலும் உண்மை நிலை தெரிந்துவிடும். சோதனைக்காகப் பொருளை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை.

குழந்தை மருத்துவரிடம் ரத்த ஈய அளவுப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய தனியார் ஆய்வகங்கள் இதைச் செய்கின்றன. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தமே நம்பகமானது. விரல்நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசே முடிவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், கையைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவிய பிறகே எடுக்க வேண்டும். தலைமுடிச் சோதனையையும், மருந்து கொடுத்துவிட்டு எடுக்கும் சிறுநீர்ச் சோதனையையும் நம்பிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

முடிவைப் படிக்கும்போது முதலில் அலகைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தால், பத்தால் வகுத்து டெசிலிட்டர் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மேற்கோள் அளவு, அதாவது இதைத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்ற எல்லை, 2021 முதல் 3.5 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறி, 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே மூலத்தைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. 45 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகளை மருத்துவமனைக் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியிருக்கும். வலிப்பு, தொடர் வாந்தி, மயக்கம் ஆகியவை தோன்றினால், எண்ணுக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். 45-க்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அந்த மருந்துகளால் நன்மை நிறுவப்படவில்லை. நச்சு நீக்கும் கஷாயம், பொடி, பானம் என்று விளம்பரம் செய்யப்படும் எதுவும் மூலத்தை அகற்றும் வேலைக்கு ஈடாகாது.

தாய்க்கு ஈயம் இருப்பதாகத் தெரிந்தவுடன் பயந்து தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். தாயின் ரத்த ஈய அளவு 40 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால், தாய்ப்பால் கொடுப்பதைத் தொடரலாம் என்பதே அமெரிக்க மையத்தின் வழிகாட்டுதல். குழந்தையின் அளவையும் உடன் சோதித்து மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

எட்டாம் படி: அகற்றுதல், துடைத்தல், ஊட்டம்

சந்தேக மஞ்சளையும் செந்தூரத்தையும் பையில் கட்டி, ஒரு சிறு பங்கை மட்டும் சோதனைக்காகத் தனியே மூடி வைத்துவிட்டு, மீதியை அகற்றுங்கள். வேலைக்காரருக்கோ பக்கத்து வீட்டுக்கோ பாத்திரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள். பழைய இன்வெர்ட்டர், வண்டி பேட்டரிகளைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

தரையை உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டினால் தூசு எழுந்து மறுபடி படியும். ஜன்னல் அடிக்கட்டை, நிலைப்படி, குழந்தை விளையாடும் மூலை ஆகியவற்றைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைத் தனியே அலசுங்கள். ஈயத்தோடு வேலை செய்பவர் வேலையிடத்திலேயே உடை மாற்றி, குளித்து, செருப்பை வாசலுக்கு வெளியே விட வேண்டும். அவருடைய துணிகளைக் குழந்தையின் துணிகளோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது.

வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக ஏறும் என்பதால், குழந்தையை நெடுநேரம் பசியோடு விடாதீர்கள். கேழ்வரகும் தயிரும் கால்சியத்துக்கு. முருங்கைக்கீரை, பயறு, முட்டை ஆகியவை இரும்புக்கு. நெல்லிக்காயும் கொய்யாவும் இரும்பை உடலில் சேர்க்க. சோகை இருந்தால் மருத்துவர் அளவு சொல்லும் இரும்பு மருந்தை முழுக் காலமும் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: புகாரும் மறுபரிசோதனையும்

உங்கள் வீட்டு மஞ்சளைத் தூக்கி எறிவதோடு நின்றுவிட்டால், அதே கடையில் அடுத்த வீட்டார் அதையே வாங்குவார்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, பொருளை வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ள உரிமை தருகிறது. வாங்கும்போதே, சோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று கடைக்காரரிடம் தெரிவிக்க வேண்டும். பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று முடிவு வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். சென்னை கிண்டியில் கிங் நிலைய வளாகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமும், ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலி வழியாகவும் புகார் அளிக்கலாம். வங்கதேசத்தில் ஈயம் கலந்த மஞ்சள் 2019-இல் 47 விழுக்காடாக இருந்து, சந்தைச் சோதனைகளும் அபராதமும் மக்கள் பரப்புரையும் சேர்ந்து 2021-க்குள் பூச்சியத்துக்கு வந்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாதது அல்ல. அதற்கு எழுத்து வடிவில் புகார்கள் வேண்டும்.

குழந்தையின் அளவு 3.5-க்கும் 9-க்கும் இடையில் இருந்தால் மூன்று மாதத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். 10 முதல் 19 வரை என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள். 20 முதல் 44 வரை என்றால் இரண்டு வாரம் முதல் ஒரு மாதத்துக்குள். 45 அல்லது அதற்கு மேல் என்றால் உடனடியாக. எலும்பில் சேர்ந்த ஈயம் மெல்ல ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டே இருப்பதால், அளவு ஒரேயடியாக வீழ்ந்துவிடாது. ஒவ்வொரு முறையும் சிறிது குறைந்து வந்தாலே சரியான வழியில் இருக்கிறீர்கள். இரண்டு மறுபரிசோதனைகளிலும் குறையாமல் நின்றால், அல்லது கூடினால், மூலம் இன்னும் அகலவில்லை. அப்போது குழந்தை பகலில் இருக்கும் பாட்டி வீடு, பால்வாடி, அப்பாவின் பட்டறை ஆகிய ஒவ்வோர் இடத்திலும் இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.